தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு: பதின்ம வயதை நெருங்கும் பிள்ளைக்கு மனநல ஆலோசனையைப் பயன்படுத்தும் முறை

ஒன்பது வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிள்ளையின் உடல், மனம், நட்பு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. பூப்புப் பருவத்தின் உடல் மாற்றங்கள் பெண்பிள்ளைகளுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன. உணர்ச்சியை எழுப்பும் மூளைப் பகுதிகள் இக்காலத்தில் விரைவாகச் செயல்படத் தொடங்கிவிடும். அவற்றை நிதானப்படுத்தும், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி முழு வளர்ச்சி அடைய இருபத்தைந்து வயதை நெருங்க வேண்டும். ஆகவே, அற்பக் காரணத்துக்கு வெடித்து அழுதுவிட்டு, அரை மணி நேரத்தில் எதுவும் நடவாதது போல் சாப்பிட வந்து உட்காரும் பிள்ளை நம்மை ஏமாற்றவில்லை.

கோலாலம்பூரில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்த மாற்றங்களோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பயின்று, ஆசிரியர் முதல் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் வரை அனைவரையும் பெயர் சொல்லி அறிந்த பிள்ளை, அடுத்த ஆண்டே பெரியதொரு தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறது. பாடமொழி மலாய் ஆகிவிடுகிறது. வகுப்பில் தமிழ் பேசுவோர் சிலராகச் சுருங்கிவிடுகிறார்கள். உயிர்த்தோழி வேறு பள்ளிக்குப் போய்விடுகிறாள். தன்னுடைய பெயரையும் நிறத்தையும் பேச்சையும் பற்றி அதுவரை கேட்டிராத கிண்டல்களைக் கேட்க நேர்கிறது. சிலர் இடைநிலைப்பள்ளிக்கு ஆயத்தப்படுத்தும் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்த பிறகே, இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான முதலாம் படிவத்துக்குச் செல்வதால், ஒத்த வயதுத் தோழர்கள் முன்னே போய்விட்டார்கள் என்ற வருத்தமும் அவர்களுக்கு உண்டு. பல பள்ளிகளில் முதலாம் படிவம் பிற்பகலில் நடைபெறுகிறது. அத்தகைய பிள்ளைகள், பெற்றோர் வேலைக்குப் போன காலை நேரம் முழுவதையும் வீட்டில் கைப்பேசியோடு தனியே கழிக்கிறார்கள்.

பேச்சுவழக்கில் நாம் கவுன்சலிங் என்று சொல்லும் மனநல ஆலோசனை இந்த இடத்தில் பெரிதும் உதவக்கூடியது. ஆனால் முதலாம் படிவத்தில் பிள்ளை பள்ளிக்கே போக மாட்டேன் என்று படுத்துக்கொண்ட பிறகு பதறி ஓடுவதைவிட, அறிகுறி தென்படும் பிள்ளைக்கு ஆறாம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே ஆலோசனையைத் தொடங்குவது மேலானது என்பது என் உறுதியான கருத்து. பழகிய பள்ளியில், பழகிய மனிதர்களுக்கு நடுவில் கற்றுக்கொள்ளும் திறன் புதிய இடத்தில் கைகொடுக்கும். புதிய இடத்தின் அச்சத்துக்கு நடுவிலேயே அதைக் கற்பது இருமடங்கு கடினம்.

எப்போது நாட வேண்டும்

எல்லா முகச்சுளிப்பும் நோயாகாது. அறைக்கதவைச் சாத்திக்கொள்வதும், தாயோடு கடைக்குப் போகக் கூச்சப்படுவதும், அப்பாவின் சட்டையையும் காரையும் பார்த்து வெட்கப்படுவதும் அந்த வயதுக்கு இயல்பானவையே. கவனிக்க வேண்டியவை, மாற்றம் எவ்வளவு காலம் நீடிக்கிறது, அன்றாட வாழ்வை எவ்வளவு முடக்குகிறது என்ற இரண்டுமே. சோர்வோ எரிச்சலோ அச்சமோ ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உறக்கம், உணவு, படிப்பு, நட்பு ஆகியவற்றில் ஒன்றிரண்டையாவது குலைக்குமானால், காத்திருப்பதில் பயனில்லை. இந்த வயதுப் பிள்ளை தன் மனம் சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்வது அரிது. ஞாயிற்றுக்கிழமை இரவில் வந்து, வெள்ளிக்கிழமை மாலையில் மறையும் வயிற்றுவலியாகவே அது பெரும்பாலும் வெளிப்படும். அந்த வலியை நடிப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது; வலி உண்மையானது, அதன் காரணம் மட்டுமே வயிற்றுக்கு வெளியில் இருக்கிறது.

நம் வீட்டில்தான் இப்படி என்று கூசுவதற்கும் ஒன்றுமில்லை. 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய உடல்நல ஆய்வு, 5 முதல் 15 வயதுக்குட்பட்ட மலேசியப் பிள்ளைகளில் 7.9 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டறிந்தது. பிள்ளைகளின் மனநிலையை அளவிட இங்கும் உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது, பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட வினாத்தாள். அதில் பெற்றோர் நிரப்பும் படிவம் தனியாகவும், 11 வயதிலிருந்து பிள்ளையே நிரப்பும் படிவம் தனியாகவும் உண்டு. முதல் சந்திப்பில் ஆலோசகர் இத்தகைய தாளைக் கொடுத்தால், அது பிள்ளைக்கு மதிப்பெண் போடும் தேர்வு அன்று. எங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்று காட்டும் கருவி மட்டுமே.

ஆலோசகரிடம் போகுமுன் ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு, கண்பார்வைக் குறை ஆகியவை சோம்பலாகவும் கவனமின்மையாகவும் தோற்றம் தரக்கூடும். பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்போ ஆண்பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்போ பூப்பின் அடையாளங்கள் தென்பட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உறக்கத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. இரவு டியூஷன் முடிந்து பதினொன்றுக்குப் படுத்து, விடியுமுன்பே பள்ளி வேனுக்காக எழும் பிள்ளையின் எரிச்சலுக்கு எந்த ஆலோசகராலும் தனியாக மருந்து சொல்ல முடியாது.

யாரிடம் போவது

பள்ளியிலுள்ள ஆலோசக ஆசிரியரிடம் தொடங்கலாம். செலவு இல்லை, பள்ளிக்குள் நடக்கும் சண்டை சச்சரவுகளை அவரால் நேரடியாகக் கவனிக்கவும் முடியும். ஆனால் வகுப்பு நடுவில் பெயர் சொல்லி அழைக்கப்படுவதைப் பிள்ளைகள் அவமானமாகக் கருதுவதுண்டு. ஆகவே அழைப்பு எப்படி வர வேண்டும் என்பதை முன்கூட்டியே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கு வெளியே, ஆலோசகர் என்ற பெயரில் தொழில் செய்வோர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணையும் தொழில் நடத்துவதற்கான சான்றிதழையும் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மருத்துவ உளவியலாளர்கள் 2016ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில்சார் சட்டத்தின்கீழ் வருகிறார்கள். கற்றல் குறைபாடு, கவனக்குறைவு, கடும் பதற்றம் போன்றவற்றை முறையாக மதிப்பிட அவர்களே ஏற்றவர்கள். மருந்து தேவைப்படும் நிலையில் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு, முகநூலில் ‘வாழ்க்கைப் பயிற்றுநர்’ என்று விளம்பரம் செய்பவரிடம் பதினொரு வயதுப் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம்.

பணம் ஒரு தடையாக இருந்தால், வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க சுகாதார மருத்துவகத்தில் தொடங்குங்கள். அங்கு குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து பெறும் பரிந்துரைக் கடிதத்தோடு கோலாலம்பூர் பொது மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற இடங்களின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். காத்திருக்கும் காலம் நீளக்கூடும் என்பதால், நிலைமை முற்றுவதற்கு முன்பே பெயரைப் பதிந்து வைப்பது அறிவுடைமை. மருத்துவ உளவியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களில் சில, மூத்தவர்களின் மேற்பார்வையில் முதுகலை மாணவர்கள் நடத்தும் பயிற்சி மருத்துவகங்களைக் குறைந்த கட்டணத்தில் வைத்திருக்கின்றன, அவற்றையும் விசாரிக்கலாம்.

மொழியைப் பற்றி ஒரு சொல். தமிழ் பேசும் ஆலோசகர் கிடைத்தால் நல்லதே. ஆனால் தமிழ் தெரிந்தும் பிள்ளைகளோடு பழகாத ஒருவரைவிட, மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசினாலும் இந்த வயதினரோடு நெடுங்காலம் பணியாற்றிய ஒருவரையே நான் தேர்ந்தெடுப்பேன். பிள்ளை எந்த மொழியில் சண்டை போடுகிறதோ, அந்த மொழியை ஆலோசகர் புரிந்துகொண்டால் போதும். அக்காவையோ அண்ணனையோ மொழிபெயர்க்க உட்காரவைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் சொல்ல வேண்டியதைப் பிள்ளை சொல்லவே சொல்லாது. நம் சமூகம் சிறியது என்பதால், தேர்ந்தெடுத்த ஆலோசகர் உங்கள் உறவினருக்கோ கோயில் நிர்வாகத்தில் இருப்பவருக்கோ வேண்டியவர் என்று தெரிந்தால் வேறொருவரைத் தேடுவது அனைவருக்கும் நல்லது.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது

பல பெற்றோர் தடுக்கி விழும் இடம் இதுதான். பல் மருத்துவரிடம் போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்துப் போவதும், காரில் ஏற்றிய பிறகு சொல்வதும், "நீ இப்படியே இருந்தால் கவுன்சலிங்குக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று மிரட்டுவதும் முதல் நாளிலேயே கதவை அடைத்துவிடும். சந்திப்புக்கு நான்கைந்து நாள்களுக்கு முன்பு, தம்பி தங்கைகள் இல்லாத நேரத்தில், அமைதியாகச் சொல்ல வேண்டும். நீளமாக விளக்கத் தேவையில்லை. "கொஞ்ச நாளா நீ சரியா தூங்கலைன்னு அம்மாவுக்குத் தெரியும். நீ ஒன்னும் தப்பு செய்யல. பிள்ளைங்ககூட பேசறதையே வேலையா செய்யற ஒரு ஆன்ட்டி இருக்காங்க. அவங்ககிட்ட சொல்றத அவங்க எங்ககிட்ட வந்து ஒப்பிக்க மாட்டாங்க. மூனு தடவ போய்ப் பார்ப்போம், பிடிக்கலன்னா சொல்லு, வேற ஆள் தேடலாம்" என்ற அளவே போதுமானது. மூன்று முறை என்ற வரம்பு பிள்ளைக்கு ஒரு பிடிமானத்தைத் தருகிறது. முடிவெடுப்பதில் தனக்கும் பங்கு உண்டு என்று உணர்ந்த பிள்ளை பெரும்பாலும் நான்காம் முறையும் வரும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஆலோசனைக்காகப் பிள்ளையின் காற்பந்துப் பயிற்சியையோ பரதநாட்டிய வகுப்பையோ நிறுத்திவிட்டு, டியூஷனை மட்டும் விடாமல் வைத்திருக்கும் வீடுகளைக் காண்கிறோம். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். வாரத்தில் ஒரு டியூஷனை விட்டுக்கொடுத்தால் மதிப்பெண்ணில் பெரிதாக ஒன்றும் நேர்ந்துவிடாது. நண்பர்களோடு ஆடும் நேரத்தைப் பறித்தால், எதைச் சரிசெய்யப் போகிறோமோ அதையே கெடுத்தவர்கள் ஆவோம்.

அறைக்குள் என்ன நடக்கிறது

முதல் சந்திப்பில் ஆலோசகர் பெற்றோரிடம் பிறப்பு, வளர்ச்சி, பள்ளி, குடும்பம் ஆகியவை பற்றிக் கேட்பார். பிறகு பிள்ளையைத் தனியே சந்திப்பார். இந்த வயதினரை எதிரெதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் ‘தெரியாது’ என்ற ஒரே பதிலே வரும் என்பதால், வரைதல், அட்டை விளையாட்டு, மணல்தட்டில் பொம்மைகளை அடுக்குதல் போன்றவற்றை நடுவில் வைத்தே பேச்சு நகரும். முக்கால் மணி நேரம் சீட்டு விளையாடுவதற்கா இவ்வளவு கட்டணம் என்று வெளியில் காத்திருக்கும் தந்தைக்குத் தோன்றலாம். கண்ணைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதபோதுதான் பதினொரு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து உண்மையான வாக்கியம் வெளியே வருகிறது.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் அதிகம் கையாளப்படுவது, ஏரன் பெக் 1960களில் வகுத்த சிந்தனை-நடத்தைச் சிகிச்சை. அது எப்படி நடக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். முதலாம் படிவத்துக்கு வந்த ஒரு மாணவன் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குப் போகாமல் தினமும் நூலகத்தில் ஒதுங்கிக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வாய் திறந்தால் தன் மலாயைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள் என்ற எண்ணம் அவனுக்குள் ஓடுகிறது. அந்த எண்ணம் அச்சத்தை எழுப்புகிறது. அச்சம் அவனை நூலகத்துக்கு அனுப்புகிறது. நூலகத்தில் கிடைக்கும் நிம்மதி, ஒதுங்கியதுதான் சரி என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்து, மறுநாள் அச்சத்தை இன்னும் வளர்க்கிறது. ஆலோசகர் இந்தச் சுழலைத் தாளில் வரைந்து அவனுக்கே காட்டுவார். யார் சிரித்தார்கள், எத்தனை முறை, சிரித்தபோது மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று இருவரும் துப்பறிவது போல் ஆராய்ந்தால், பல நேரம், ஒருவன் ஒருமுறை சிரித்தது ‘எல்லோரும் எப்போதும்’ என்று விரிந்திருப்பது புலப்படும்.

அதன் பிறகு படிகள் வகுக்கப்படும். முதல் வாரத்தில் சிற்றுண்டிச்சாலையில் ஒரு பானம் மட்டும் வாங்கி வருவது, அடுத்து பக்கத்தில் உட்காருபவனிடம் வீட்டுப்பாடம் என்ன என்று மலாயில் ஒரு கேள்வி கேட்பது, பிறகு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, கடைசியில் வகுப்பில் கையுயர்த்துவது என்று எளியதிலிருந்து கடினமானதற்கு ஏற வேண்டும். ஒவ்வொரு படியையும் அச்சம் தணியும்வரை திரும்பத் திரும்பச் செய்த பிறகே அடுத்த படி. பிள்ளைகளின் பதற்றத்துக்கென அமெரிக்க உளவியலாளர் பிலிப் கெண்டல் உருவாக்கி, 7 முதல் 13 வயதினருக்குப் பரவலாகப் பயன்படும் பயிற்சித் திட்டம் 16 அமர்வுகளைக் கொண்டது. இரண்டே சந்திப்பில் பிள்ளை மாறவில்லையே என்று கேட்போர் இந்த எண்ணை நினைவில் கொள்ளலாம்.

கோபம் மிகுந்த பிள்ளையோடு வேறு வழியிலும் பணியாற்றுவார்கள். மைக்கேல் வைட், டேவிட் எப்ஸ்டன் ஆகிய இருவரும் வளர்த்தெடுத்த முறையில், சிக்கலைப் பிள்ளையிலிருந்து பிரித்து, அதற்குப் பிள்ளையே ஒரு பெயர் சூட்டச் சொல்வார்கள். ‘கோபக்காரன்’ என்று வீட்டில் பட்டம் பெற்றவன், தன்னிடம் அடிக்கடி வந்துபோகும் ஒன்றைப் பற்றி, அது எப்போது வருகிறது, எப்போது தன்னால் அதை விரட்ட முடிந்தது என்று பேசத் தொடங்கும்போது, குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிவிடுகிறான். இதற்கு வீட்டாரின் ஒத்துழைப்பு தேவை. பாட்டி முதல் சித்தப்பா வரை அந்தப் பழைய பட்டத்தைச் சொல்வதை நிறுத்த வேண்டும்.

அறைக்குள் பேசியதைக் கேட்காதிருத்தல்

ஆலோசனை பலன் தருவதும் தராமல் போவதும் பெரும்பாலும் பெற்றோரின் இந்த ஒரு பழக்கத்தைப் பொறுத்தே அமைகிறது. நம் குடும்பங்களில் பிள்ளைக்குத் தனி இரகசியம் என்பதே ஏற்கப்படாத ஒன்று. கட்டணம் செலுத்துபவருக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்ற எண்ணமும் உண்டு. தொடக்கத்திலேயே, பிள்ளையும் உடனிருக்கும்போது, எதெல்லாம் பெற்றோரிடம் சொல்லப்படும், எதெல்லாம் சொல்லப்படாது என்று ஆலோசகரைத் தெளிவாகப் பேசச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து, பிறர் செய்யும் உடல்வதை அல்லது பாலியல் தொல்லை, பிறருக்குத் தீங்கு செய்யும் எண்ணம் ஆகியவற்றை அவர் மறைக்க மாட்டார். எந்தத் தோழி எந்தக் குழுவிலிருந்து நீக்கினாள், யாரைப் பிடித்திருக்கிறது, அப்பாவின் எந்தப் பேச்சு வலித்தது என்பவை அறைக்குள்ளேயே தங்கும். பெற்றோருக்குத் தெரிய வேண்டியது முன்னேற்றத்தின் போக்கும் வீட்டில் செய்ய வேண்டியதும் மட்டுமே. அதற்கெனச் சில வாரங்களுக்கு ஒருமுறை தனிச் சந்திப்பைக் கேட்டுப் பெறலாம்.

வீடு திரும்பும் பயணத்தில் "என்ன கேட்டாங்க, என்னைப் பத்தி என்ன சொன்ன?" என்று விசாரிக்கத் தொடங்கினால், அடுத்த வாரம் பிள்ளை அளந்து பேசும். பசிக்கிறதா என்று கேட்டு, வழியில் ஒரு தேநீர்க் கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்துவிட்டு, வானொலியைப் போட்டுவிடுங்கள். பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள். அறிவுரையை மட்டும் சேர்க்காதீர்கள்.

சடங்கு, கைப்பேசி, பகடிவதை

பூப்பெய்திய பெண்ணுக்குச் சடங்கு செய்வது பல குடும்பங்களில் மகிழ்ச்சியான நிகழ்வு. புதுப்பட்டு உடுத்தி மகிழும் பெண்பிள்ளைகளும் உண்டு. ஆனால் பதினொரு வயதில், தன் உடலில் நேர்ந்த மாற்றத்தை மண்டபம் நிறைய உறவினர்களும் அப்பாவின் அலுவலக நண்பர்களும் அறிவதையும், படங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பரவி வகுப்புத் தோழர்களின் கண்ணில் படுவதையும் தாங்க முடியாமல் தவிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றாலும் வாயால் சொல்ல அஞ்சுவாள் என்று தோன்றினால், ஆலோசகரின் அறையில் மூவரும் அமர்ந்து, எந்த அளவில் செய்யலாம், யாரை அழைக்கலாம், படம் எடுக்கலாமா என்று பேசலாம். அத்தைமார் மனம் கோணுவார்கள் என்பது உண்மைதான். அவர்களைச் சமாதானம் செய்வது பெற்றோரின் வேலையே தவிர, அந்தப் பெண்ணின் வேலை அன்று.

கைப்பேசிக் குழுவிலிருந்து நீக்கப்படுவது பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரியும். இந்த வயதில் நட்புக் கூட்டம்தான் உலகம் என்பதால், அந்த நீக்கம் உண்மையான இழப்பாகவே உணரப்படுகிறது. ஆலோசகர் இதை நடித்துப் பார்க்கச் சொல்வார்: அவர் தோழியாகப் பேச, பிள்ளை பதில் சொல்லிப் பழகும், சினந்து எழுதிய செய்தியை அனுப்பாமல் ஓரிரவு வைத்திருப்பதும் பயிற்சியில் அடங்கும். ஆனால் பகடிவதை, அதாவது சக மாணவர்கள் தொடர்ந்து கேலி செய்தோ அடித்தோ துன்புறுத்துவது, நடக்கிறது என்றால் ஆலோசனை மட்டும் போதாது. அடிபடுபவனுக்குத் தாங்கும் திறனைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அடிப்பவனை விட்டுவிடுவது அநியாயம். நாள், இடம், நடந்தது ஆகியவற்றைக் குறித்து, திரைப்பதிவுகளையும் இணைத்து, வகுப்பாசிரியருக்கும் கட்டொழுங்கு ஆசிரியருக்கும் எழுத்துவழி புகார் அளித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்கு நேர்ந்துகொள்வதும் ஆலோசனைக்குச் செல்வதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. பிள்ளைக்கு மனத்தெம்பு தருமானால் இரண்டையும் செய்யலாம். ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாக வைத்து மாதங்களைக் கடத்துவதே தவறு.

அவசர நிலை

செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்று பிள்ளை சொன்னாலோ எழுதினாலோ, கையில் கீறல்கள் தெரிந்தாலோ, நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பிள்ளையைத் தனியே விடாமல், மருந்துகளையும் கூரிய பொருள்களையும் அப்புறப்படுத்திவிட்டு, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதால், போலீஸ் வருமோ என்று அஞ்சித் தயங்கத் தேவையில்லை. அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேவை 15999 என்ற எண்ணிலும், மனத்துயரில் இருப்போருக்குச் செவிகொடுக்கும் தொண்டு அமைப்பான கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸை 03-76272929 என்ற எண்ணிலும் அழைத்து இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

எப்போது நிறுத்துவது

ஐந்தாறு சந்திப்புகளுக்குப் பிறகும் பிள்ளை ஆலோசகரோடு ஒட்டவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். நல்ல ஆலோசகர் புண்படமாட்டார். முறையை மாற்றுவார், அல்லது வேறொருவரைப் பரிந்துரைப்பார். பலன் தெரியத் தொடங்கியதும் உடனே நிறுத்திவிடுவதும் கூடாது. வாரம் ஒருமுறை என்பதை இரு வாரங்களுக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று குறைத்து, கடைசிச் சந்திப்பு எது என்பதைப் பிள்ளைக்கு முன்பே தெரிவித்து முடிக்க வேண்டும். சொல்லாமல் நின்றுபோனால், இன்னொரு நட்பு காரணமின்றி அறுந்ததாகவே பிள்ளை எடுத்துக்கொள்ளும். ஆறாம் ஆண்டில் ஆலோசனை பெற்ற பிள்ளைக்கு, முதலாம் படிவமோ புகுமுக வகுப்போ தொடங்கி ஆறு வாரம் ஆகும் வேளையில் ஒரு சந்திப்பைப் பள்ளி விடுமுறைக்கு முன்பே பதிந்துவிடுங்கள். முதல் சில வாரங்களின் பரபரப்பு அடங்கி, யாரோடு உட்காருவது என்பது உறுதியாகும் காலம் அதுதான்.